கலங்கல்

புறோக்கிக் கடையில் தொண்ணூறு பிராங்குக்கு வாங்கினது.
அறுபத்தொரு கட்டை,
கடைசி வெள்ளையில் மட்டும் யாரோ ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர்.
கடையில் நல்லாய்த்தான் பாடியது.
பீலில் எங்கள் நாலாம் மாடிக்கு வந்ததும்
தொண்டையில் களி அடைத்தமாதிரி
முனகத் தொடங்கிற்று.

வலக்கை சொல்வதை இடக்கை விழுங்கியது.
மூன்று சுரத்தைச் சேர்த்து அமத்தினால்
ஒரே சட்டிக்குள் கரைந்த பருப்பு.

"வாங்கின இடத்திலேயே குடுத்திட்டு வாரும்"
இரவு வேலைக்குச் சப்பாத்துக் கட்டியபடி இவர்.

நானோ பகலெல்லாம் கடிகாரக் கம்பனியில்
மணலளவு திருகாணிகளைக்
கண்ணாடி வைத்துப் பார்ப்பவள்.
பிழையை மொத்தமாகத் திட்டக்கூடாது அங்கே.
ஒன்றை மாற்று. பார். எழுது.
பிறகுதான் அடுத்தது.

கலங்கின தண்ணிக்குத் தேத்தாங்கொட்டை உண்டு.
சத்தத்துக்கு
எதை எங்கே உரசுவது?

முதலில் மூலையை விட்டு இழுத்தேன், அரை மீற்றர்.
இரண்டு சுவரும் சேர்ந்து
கீழ்ச்சத்தத்தை ஊதிப் பெருப்பித்திருக்கின்றன.
குளியலறைக் கதவு இப்போது பாதிதான் திறக்கும்;
பக்கவாட்டில் நுழையப் பழகினோம்.

ஸ்பீக்கர் அதன் அடிவயிற்றில்.
மேசையைப் பார்த்தே பேசுகிறது.
மேசை வெறும் பெட்டிப் பலகை,
யாரும் கேளாமலே கூடப் பாடுகிற சொந்தக்காரர்.
இரண்டு டென்னிஸ் பந்தைப் பாதியாய் அறுத்து
நாலு மூலைக்கும் முட்டுக் கொடுத்தேன்.
அறுத்த கத்தி இனி வெங்காயத்துக்கும் உதவாது.

ரிவேர்ப் என்றொரு பொத்தான்.
பிறந்ததிலிருந்தே அது 'பெரிய மண்டபம்' என்று நிற்கிறது.
எங்கள் அறை மூன்றரை மீற்றர்,
அதிலும் ஒரு சோபா.
மண்டபத்தை அணைத்தேன்.
பேஸைக் குறைத்தேன்,
தகரம் தட்டியது,
பாதி திருப்பி ஏற்றினேன்.

இன்னும் கொஞ்சம் சேறு.

இடக்கையைச் சந்தேகிக்க ஒன்பது நாள் எடுத்தது.
கீழ்க்கட்டையில் மூன்று விரலையும் நெருக்கி ஊன்றிவிட்டு
மெஷினைத் திட்டியிருக்கிறேன்.
கீழே ஒன்று போதும்.
மற்ற இரண்டையும் நடுவுக்கு அனுப்பினேன்.
அட,
மூன்று பேர் இருந்திருக்கிறார்கள் அதற்குள்!

மிச்சம் ஒரே ஒரு சுரம்.
கீழ் பி பிளாட்.
தொட்டால் கண்ணாடி அலுமாரிக்குள்
எவர்சில்வர் தம்ளர்கள் கிசுகிசுக்கும்.
ஒன்றை வெளியே எடு, அமத்து, கேள்.
இன்னொன்றை எடு.
பதினோராவதுதான் ஆள்.
அதை அடுப்படிக்கு நாடு கடத்தினேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்குக் கதவுமணி.
மூன்றாம் மாடி ஹெர் ஏஷ்லிமன்,
கம்பளிச் செருப்போடு.
எனக்குப் புரியட்டும் என்று டொச்சை மெதுவாய்ப் பேசினார்:
"நீங்கள் கீபோர்டா வாசிக்கிறீர்கள்?"

நாலு மாதமாய் அவர்
நிலவறை வாஷிங் மெஷினின் பெயரிங் போய்விட்டதென்று
நிர்வாகத்துக்கு இரண்டு கடிதம் போட்டிருக்கிறார்.
மெக்கானிக் வந்து கழற்றிப் பூட்டி
நூற்றெண்பது பிராங்குக்குப் பில் எழுதி
ஒன்றுமில்லை என்று போனானாம்.
போன கிழமைதான், குளிக்கும்போது,
மெஷினுக்குள் ஒரு பாட்டுக் கேட்டதாம்.

எனக்குக் காது சுட்டது.
அவர் சிரிக்கவில்லை.
"பத்து மணிக்குப் பிறகு வேண்டாம்.
மெஷின் என்றால் பொறுத்துக்கொள்வேன்."

இறங்கியவர் பாதிப் படியில் நின்றார்.
"ஒரே இடத்தில் எப்போதும் நிறுத்துகிறீர்களே,
அந்தப் பாட்டு அப்படித்தானா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்து
ஓம் என்றேன்.

கதவைச் சாத்திவிட்டு
முதலிலிருந்து வாசித்தேன்.
தெளிவு. ஒவ்வொன்றும் தனித்தனியாய்.
பி பிளாட் வந்தது.
விரல் தூக்கினபடி நின்றது,
அடுப்படியில் சும்மா இருக்கும் தம்ளர்
கிசுகிசுத்து முடிக்கட்டும் என்று.